தறி ஊரில் நெஞ்சு வலி

சங்கரன்கோவிலில் வீட்டுக்குப் போய் நோயாளியைப் பார்ப்பதென்றால் முதல் வேலை தறியை நிறுத்தச் சொல்வது. விசைத்தறி ஓடும் தெருவில் அந்த ஒரு வீட்டில் நிறுத்தினால் போதாது. பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் ஆள் அனுப்ப வேண்டும். 1980களின் நடுவில் நான் அந்த ஊரில் மருத்துவம் பார்க்கத் தொடங்கியபோது இதைக் கேட்கத் தயக்கமாக இருந்தது. தறி நின்றால் கூலி நிற்கும். ஆனால் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. "டாக்டரய்யா நெஞ்சு பாக்காகளாம்" என்று ஒரு பையன் தெருவில் ஓடுவான். ஒன்றன்பின் ஒன்றாகத் தறிகள் ஓயும். அதற்குப் பிறகுதான் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டுவேன்.

அந்த நாட்களில் நான் தேடிய ஒலி அத்தனை அமைதியில்தான் கேட்கும். மைட்ரல் வால்வு சுருங்கியவர்களின் இதயத்தில் முதல் ஒலி ஓங்கிக் கேட்கும். இரண்டாவது ஒலியை ஒட்டி ஒரு சிறு சொடுக்கு. அதன்பின் மிகத் தாழ்ந்த ஓர் உறுமல். நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, துடிப்பு விரலில் தட்டுப்படும் இடத்தைக் கண்டுபிடித்து, ஸ்டெதாஸ்கோப்பின் குழிவான பக்கத்தை அங்கே வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் உறுமல் மறைந்துவிடும். தொலைவில் மேடேறும் லாரியின் சத்தம்போல இருக்கும் என்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் எங்கள் பேராசிரியர் சொல்லிக்கொடுத்தார். அந்த லாரியை ஒருமுறை கேட்டுவிட்டவனுக்கு ஆயுளுக்கும் மறக்காது.

அப்படிக் கேட்டவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பத்தொன்பது, இருபது வயது. கல்யாணமாகி முதல் கர்ப்பத்தில் ஐந்தாறு மாதம் ஆகும்போது மூச்சு வாங்குகிறது என்று மாமியார் கூட்டிக்கொண்டு வருவார். ரத்தம் இல்லை என்று சத்து மாத்திரை வாங்கித் தின்று பார்த்திருப்பார்கள். கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி கூடுகிறது, நாடியும் வேகமெடுக்கிறது. சுருங்கிய வால்வு வழியாக அத்தனை ரத்தம் கீழே இறங்க நேரம் போதாது. தேங்கிய ரத்தத்தின் அழுத்தத்தில் நீர் நுரையீரலில் கசியும். அதுவரை தறியில் நின்று நூல் முடிந்த பெண், ஒரு வாரத்தில் மல்லாந்து படுக்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பாள்.

"சின்ன வயசுல கை கால் மூட்டு வீங்கிச்சா தாயி?" என்று கேட்பேன். அவளுக்கு நினைவிருக்காது. தாய்க்கு இருக்கும். "ஆமாய்யா, ஒரு முட்டு வீங்கி வத்தும், அப்புறம் அடுத்தது வீங்கும். எண்ணெய் தேச்சு உட்டோம், சரியாப் போச்சு." சரியாகப் போனது மூட்டு மட்டும்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை வலி ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வரும். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் படை தன் இதய வால்வையே தாக்கிவிடும். மூட்டுக்குத் தழும்பு இல்லை, வால்வுக்கு உண்டு. காற்றோட்டம் இல்லாத ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீடுகளில் அந்தத் தொண்டைக் கிருமி பிள்ளைக்குப் பிள்ளை தாவும். இது ஏழை வீட்டு நோய் என்று பாடப்புத்தகத்தில் படித்ததைத் தெருத்தெருவாகக் கண்ணால் பார்த்தேன்.

இதற்கு மருந்து இருந்தது, விலையும் குறைவு. 21 நாளுக்கு ஒருமுறை 12 லட்சம் யூனிட் பென்சத்தின் பென்சிலின் ஊசி. வால்வு கெட்டிருந்தால் நாற்பது வயது வரைகூடப் போட வேண்டியிருக்கும். அந்த ஊசியைப் போல வலிக்கும் ஊசி குறைவு. மருந்து பால்போலக் கெட்டியாக இருக்கும், கலக்கி உடனே போடாவிட்டால் ஊசியில் அடைத்துக்கொள்ளும். ஒவ்வாமை பயமும் உண்டு. சோதனை ஊசி போட்டு, அட்ரினலினைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் போடுவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசலிலேயே அழ ஆரம்பித்துவிடும். மூன்று வாரம் கூலி வேலைக்குப் போய்விட்டு, நான்காவது வாரம் அழுகிற பிள்ளையை அரை நாள் கூலியை விட்டுத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்களை நான் பெரிய மனுஷிகளாக மதிக்கிறேன். அப்படி வந்த பிள்ளைகளுக்கு வால்வு மேலும் கெடவில்லை. இடையில் நின்றவர்களில் சிலர், பத்து வருடம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

வால்வு மிகவும் சுருங்கியவர்களை மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்புவோம். முதலில் அறுவை சிகிச்சைதான். ஜப்பானில் இனோவே என்ற மருத்துவர் தொடை ரத்தக்குழாய் வழியாக பலூனைக் கொண்டுபோய் வால்வை விரிக்கும் முறையை 1984இல் வெளியிட்டார். அது நம் ஊர்களுக்கு வந்தபின் நெஞ்சைப் பிளக்காமலேயே பெண்கள் திரும்பி வந்தார்கள். வால்வையே மாற்ற வேண்டியவர்களுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானின் குழு உருவாக்கிய சித்ரா வால்வு 1990இல் முதன்முதலில் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வை நினைத்துப் பார்க்க முடியாத குடும்பங்களுக்கு அது உயிர். அந்த வால்வு வைத்த ஒருத்தி வெகுநாள் என்னிடம் வந்தாள். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை, மாதம் ஒருமுறை ரத்தச் சோதனை, அளவு கூட்டல் குறைத்தல். கீரையை ஒரு வாரம் அள்ளித் தின்று அடுத்த வாரம் தொடாமல் விட்டால் கணக்கு தப்பும் என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்காது, அவளே மற்றவர்களுக்குச் சொல்வாள்.

1990களில் என் வாசலில் உட்கார்ந்திருக்கும் முகங்கள் மாறின. வால்வுப் பெண்கள் குறைந்தார்கள். அவர்களுடைய அண்ணன்களும் அப்பாக்களும் வந்தார்கள். நெஞ்சு வலி. நாற்பத்தைந்து, ஐம்பது, சிலருக்கு முப்பத்தெட்டே வயது. பீடி, சர்க்கரை, ரத்த அழுத்தம். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்ற நாட்டினருக்கு 59 என்று காட்டியது. அதைப் படித்தபோது என் பதிவேட்டில் வருடக்கணக்கில் எழுதி வைத்திருந்த வயதுகள்தான் கண்முன் வந்தன.

நெஞ்சு வலியில் முக்கால் வைத்தியம் கேள்வி கேட்பதில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஸ்கேனும் ஆஞ்சியோவும் வந்தபிறகும் இந்த நம்பிக்கை குறையவில்லை. வலி எங்கே என்று கேட்டால் ஒற்றை விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுபவருக்குப் பெரும்பாலும் இதயம் காரணமாக இருப்பதில்லை. உள்ளங்கையை விரித்தோ முஷ்டியை மடக்கியோ நடு நெஞ்சில் வைப்பவரை எழுந்து போக விடக்கூடாது. நடந்தால் வருகிறதா, நின்றால் போகிறதா என்பது அடுத்த கேள்வி. 1772இல் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிவைத்த விவரம் இதுதான்: மேட்டில் நடக்கும்போது, அதுவும் சாப்பிட்ட கையோடு நடக்கும்போது வரும், நின்றால் மறையும். எங்கள் ஊர்த் தறிக்காரர் ஒருவர் அதை அப்படியே சொன்னார். "மத்தியானம் சாப்பிட்டுட்டு தறிக்குப் போகையில மட்டும் நெஞ்சை இறுக்கிப் புடிக்கி டாக்டரய்யா. செத்த நேரம் நின்னா விட்டுருது. காலையில வெறும் வயித்துல போனா ஒண்ணும் இல்ல." அவர் வயிற்றில்தான் கோளாறு என்று முடிவுகட்டி வந்திருந்தார். இருநூறு வருடத்துக்கு முன் லண்டனில் எழுதிய நோய் அது.

இன்னொருவர் டீக்கடை வைத்திருந்தவர். அவருக்கு நெஞ்சில் வலியே இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கீழ்த்தாடை வலிக்கும், இறக்கி வைத்தால் போகும். அதற்காகப் பல்லைப் பிடுங்கிக்கொண்டும் வந்திருந்தார். பல்வலி குடத்தைத் தூக்கும்போது மட்டும் வராது. சர்க்கரை நோயுள்ள பெண்களிடம் இன்னும் கவனம் வேண்டும். அவர்களுக்கு நரம்பு மரத்துப்போயிருப்பதால் வலி தெரியாமலே மாரடைப்பு வரும். திடீரென்று வியர்த்துக் கொட்டியது, காரணமில்லாமல் அசதி, மூச்சுத் திணறல், இவ்வளவுதான் சொல்வார்கள். பெண்களுக்கு நெஞ்சு நோய் வராது என்ற எண்ணம் குடும்பங்களில் ஆழமாக இருந்தது. புருஷனுக்கு வலி என்றால் கார் பிடித்து வருவார்கள், பொண்டாட்டிக்கு என்றால் மறுநாள் பஸ்ஸில் வருவார்கள். இதைப் பார்த்து நான் கோபப்பட்டது உண்டு. இன்றும் கோபம் தணியவில்லை.

பெண்களுக்கு ஈசிஜி எடுப்பதற்கே ஒரு போராட்டம். மார்பில் ஆறு இடங்களில் ஒட்ட வேண்டும். ஆண்கள் முன்னால் ரவிக்கையைக் கழற்ற மாட்டேன் என்று வலியோடு எழுந்து போனவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சிஸ்டர் ஒருவருக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்து, திரை கட்டி, பெண்களுக்கு அவரே எடுக்கும்படி செய்தபின்தான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. என்னிடம் இருந்தது பிபிஎல் கம்பெனியின் ஒற்றைச் சானல் மெஷின். கைகால்களில் கிளிப், மார்பில் ஜெல்லி தடவி ரப்பர் பந்தை அமுக்கி ஒட்டவைக்கும் கிண்ணம். குமிழைத் திருப்பித் திருப்பிப் பன்னிரண்டு பதிவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, நீளமாக வந்த காகிதத்தை வெட்டி அட்டையில் ஒட்டுவோம். சூடான ஊசி எழுதும் காகிதம் அது. சில வருடத்தில் கோடுகள் மங்கி வெறும் தாளாகிவிடும். ஆகவே எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். இன்றைக்கு எடுக்கும் ஈசிஜியில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது இன்று வந்ததா, பத்து வருடமாக இருப்பதா என்று பழைய தாள்தான் சொல்லும்.

முதல் ஈசிஜி சரியாக இருந்தால் மாரடைப்பு இல்லை என்று நினைப்பது பெரிய ஆபத்து. இதை என் மாணவர்களுக்கு ஒருவரைச் சொல்லித்தான் விளக்குவேன். ஒரு நாள் காலை, கடை திறக்கும் நேரம். ஜவுளிக்கடையில் கணக்கெழுதும் அண்ணாச்சி ஒருவர் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். வழியில் கோலி சோடா குடித்தாயிற்று. மருந்துக்கடையில் ஜெலுசிலும் வாங்கிக் குடித்தாயிற்று. ஈசிஜி எடுத்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. "பாத்தியளா, கேஸ்தான். நான் கடைக்குப் போயிட்டு சாயங்காலம் வாரேன்" என்று சட்டையை மாட்டினார். ஆனால் அவர் நெற்றி ஈரமாக இருந்தது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குக் காலையில் அப்படி வியர்க்கக் காரணம் இல்லை. ஆஸ்பிரின் மாத்திரையைக் கடித்து மெல்லக் கொடுத்து, "அண்ணாச்சி, இருபது நிமிஷம் கட்டில்ல படுங்க, இன்னொரு தடவை எடுத்துப் பாத்துட்டு நானே அனுப்புதேன்" என்றேன். மனமில்லாமல் படுத்தார். 

இரண்டாவது ஈசிஜியில் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் ஆகிய மூன்று பதிவுகளிலும் எஸ்டி கோடு மேலே ஏறி நின்றது. இதயத்தின் அடிச்சுவரில் மாரடைப்பு. அடிச்சுவர் வயிற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் அந்த வலி வயிற்று வலியாகவும் வாந்தியாகவும் வேஷம் போடுகிறது. மார்பின் வலப்பக்கமும் ஒட்டி எடுத்துப் பார்த்தேன். வலது கீழறையும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தது. நெஞ்சு வலி என்றாலே நாக்கடியில் சார்பிட்ரேட் மாத்திரை வைக்கும் பழக்கம் ஊரில் பரவியிருந்த காலம் அது. இவருக்கு வைத்திருந்தால் ரத்த அழுத்தம் சரிந்து அங்கேயே மயங்கியிருப்பார். அழுத்தம் ஏற்கெனவே குறைவாக இருந்ததால் சலைன் ஏற்றினோம். நாடி நாற்பதுக்கு இறங்கியது, அட்ரோபின் கொடுத்தோம்.

ரத்த உறைவைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். அன்றைக்கு அதன் விலை சில ஆயிரம் ரூபாய். ஒரு சின்ன ஊரில் ஒருவர் அதை வாங்கி வைப்பதை வீண் செலவு என்று சக மருத்துவர்களே சொன்னார்கள். 1988இல் வந்த ஐசிஸ் - 2 ஆய்வைப் படித்தபின் எனக்கு அதில் சந்தேகம் இருக்கவில்லை. 17,187 நோயாளிகள். எதுவும் கொடுக்காதவர்களில் ஐந்து வாரத்துக்குள் நூற்றுக்கு 13.2 பேர் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தார்கள். ஆஸ்பிரினும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 8 பேர். அதில் ஆஸ்பிரின் மட்டுமே செய்த வேலை ஏறத்தாழ ஸ்ட்ரெப்டோகைனேஸ் செய்த அளவுக்கு இருந்தது. ஒரு சில்லறைக் காசு மாத்திரை! உலக மருத்துவத்தில் ஏழைகளுக்குக் கிடைத்த வரங்களில் இதை நான் முதல் வரிசையில் வைக்கிறேன்.

மூளையில் ரத்தக்கசிவு, குடல் புண், சமீபத்தில் ஏதாவது ஆபரேஷன் உண்டா என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, 15 லட்சம் யூனிட்டை ஒரு மணி நேரத்தில் ஏற்றினோம். பக்கத்தை விட்டு நகரவில்லை. அடைப்பு திறக்கும் நேரத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும். அதைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கப் பழக வேண்டும். பிற்பகலுக்குள் வலி போயிற்று, எஸ்டி கோடு பாதிக்குமேல் இறங்கியது. மறுநாள் ஆம்புலன்ஸில் பாளையங்கோட்டைக்கு அனுப்பினேன். அந்த அண்ணாச்சி அதற்குப் பிறகும் பல வருடம் கணக்கெழுதினார்.

அந்த அண்ணாச்சியின் தெருவிலேயே இன்னொருவர் இரவு முழுவதும் ஓமத் தண்ணீரும் பெருங்காயமும் குடித்துவிட்டு, விடிந்தபின் வந்தார். வலி தொடங்கி எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. இதயத் தசையில் பெரும்பகுதி அதற்குள் செத்திருந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும் வாழ்க்கை. நீரை வெளியேற்றும் லேசிக்ஸ் மாத்திரை, தலைக்கு மூன்று தலையணை, கருவாடும் ஊறுகாயும் தொடக்கூடாது, தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். இரண்டு நாளில் இரண்டு கிலோ கூடினால் கால் வீக்கத்துக்குக் காத்திராமல் வந்துவிட வேண்டும் என்று அவருடைய மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பெண் எடையை நோட்டில் எழுதி வைத்த ஒழுங்கினால்தான் அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் விழாமல் வருடங்களைக் கழித்தார். இவருக்கும் அண்ணாச்சிக்கும் நோய் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். இடையில் இருந்தது அந்த எட்டு மணி நேரம்.

மருந்தை ஆரம்பிப்பது எளிது, தொடர வைப்பதுதான் என் காலத்தின் பெரும்பகுதியைத் தின்றது. வலி இல்லை, மாத்திரை எதற்கு என்பார்கள். மாத்திரையால்தான் வலி இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும், திருவிழா முடிந்து, அறுவடை முடிந்து, மகள் கல்யாணம் முடிந்து வரும்போது நிறுத்தியிருப்பார்கள். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு மூன்றாம் மாதத்தில், ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரலை நிறுத்தியவர், ஸ்டென்டே அடைத்து வந்திருக்கிறார். நல்ல உடம்போடு இருப்பவரை மாத்திரைக்காக மாதம் ஒருமுறை வரவைக்க மருந்துச் சீட்டு மட்டும் போதாது. அவர் வீட்டு விஷயம் விசாரிக்க வேண்டும், தறி ஓடுகிறதா என்று கேட்க வேண்டும், வராவிட்டால் ஆள் அனுப்ப வேண்டும். 2021இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே போவதைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

இன்னொரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. சிறிய ஆஸ்பத்திரியில் உடனே உறைவைக் கரைத்து, ஒரு நாளுக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ செய்யும்படி ஊர்களைப் பிணைத்துப் பார்த்த ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்தது. ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்ததாக 2017இல் வெளியிட்டார்கள். 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு 14 மாத்திரைகள் முதலில் கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. கிராமத்தில் இருக்கும் ஒரு நர்ஸ் கையில் அந்த மாத்திரைகள் இருப்பது, நகரத்தில் இன்னொரு ஆஞ்சியோ அறை திறப்பதைவிடப் பெரிய காரியம் என்பது என் முடிவு.

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. நடு நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ தாடையிலோ இறுக்கம் வந்து, கூடவே வியர்த்தால், கேஸா இல்லையா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தாதீர்கள். சோடா வாங்க ஆள் அனுப்பும் நேரத்தில் 108க்கு போன் செய்யுங்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், மாடிப்படி ஏறி இறங்க வேண்டாம். போய்ச் சேர்ந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்து வலி மட்டும் தீரவில்லை என்றால், இன்னொரு முறை எடுக்கும்வரை அங்கிருந்து கிளம்பாதீர்கள். வீட்டில் யாருக்காவது பழைய ஈசிஜி இருந்தால் அது மங்குவதற்குள் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பவர் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் இதே அவசரத்தோடு கிளம்புங்கள்.